என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் மெயில்: அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும். சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறீர்கள். அச்சகத்தின் பெயரிலேயே டொமைன் வாங்கி, அதில் 'இன்ஃபோ' என்று தொடங்கும் முகவரியைப் பயன்படுத்துகிறீர்கள். போன வாரம் அதே முகவரியிலிருந்து அதே முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. "உன் கணினிக்குள் புகுந்துவிட்டேன், கேமராவில் உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், 48 மணி நேரத்தில் பிட்காயினில் பணம் அனுப்பு" என்று மிரட்டல். நீங்கள் முன்பு வைத்திருந்த ஒரு பாஸ்வேர்டும் அதில் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அது போக, தினமும் பத்துப் பதினைந்து கடன் மெயில்கள். இதையெல்லாம் யார் அனுப்புகிறார்கள், ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா, ஐபி எண்ணை (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போட்டால் மேப்பில் வீட்டையே காட்டும் என்று சொல்லும் தளங்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிரட்டல் மெயிலின் முழு ஹெடரையும், அதாவது மெயில் வந்த வழியைக் குறித்திருக்கும், சாதாரணமாகத் திரையில் தெரியாத வரிகளையும், சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அது இல்லாமல் இந்தப் பதிலை எழுதியிருக்கவே முடியாது.

முதலில் மனதை நிம்மதியாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய ஹெடரில் உங்கள் கணினியோ உங்கள் மெயில் கணக்கோ சம்பந்தப்பட்டதற்கான அடையாளமே இல்லை. ஏறக்குறைய இதே வாசகத்தோடு மெயில்கள் 2018-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கின்றன. பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்றால், நீங்கள் எப்போதோ கணக்குத் தொடங்கிய ஏதோ ஒரு தளத்திலிருந்து திருடுபோன பட்டியலில் உங்கள் முகவரியும் பாஸ்வேர்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். 2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கும் அதிகமான கணக்குகளின் விவரம் வெளியே போனது. லிங்க்ட்இன்னில் 2012-இல் திருடப்பட்ட பட்டியல் 2016-இல் விற்பனைக்கே வந்தது. இப்படிப்பட்ட பட்டியல்கள் கைமாறிக் கைமாறிப் பல வருடம் சுற்றும். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன் எழுந்து போய் மாற்றிவிட்டு வாருங்கள். இந்தப் பதில் காத்திருக்கும், அது காத்திருக்கக் கூடாது.

சரி, கண்டுபிடிக்க முடியுமா? அந்த மெயிலை உங்கள் சர்வரிடம் கொண்டுவந்து கொடுத்த இயந்திரம் எது, அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பான நிறுவனம் எது, இந்த இரண்டையும் பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அந்த இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளை உங்கள் மேஜையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் காவல்துறை வேண்டும், அவர்களுக்கும் பல நாட்டு அனுமதி வேண்டும். ஆனால் ஸ்பேமை, அதாவது கேட்காமலே வந்து குவியும் மெயில்களை, நிறுத்துவதற்கு ஆள் தேவையில்லை. பொறுப்பான நிறுவனத்தைக் கண்டுபிடித்தால் போதும். பதினைந்து வருடமாகச் சிறிய அலுவலகங்களுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஆளைத் தேடிப்போய், கைக்கு எட்டிய நிறுவனத்தை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் முகவரியே 'அனுப்புநர்' இடத்தில் எப்படி வந்தது என்பது புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. தபாலில் கவர் அனுப்பும்போது இடது மூலையில் அனுப்புநர் விலாசம் எழுதுகிறோம். அதை அஞ்சலகத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. நான் உங்கள் விலாசத்தை எழுதி உங்களுக்கே போட்டாலும் தபால் வந்து சேரும். மெயிலும் அப்படித்தான். இன்றும் மெயில்களைச் சுமக்கும் எஸ்எம்டிபி என்ற நடைமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதினார். அப்போது இணையத்தில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் இராணுவ அலுவலகங்களும்தான், யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. ஆனாலும் அதற்கு முன்பே, 1978 மே மாதத்தில், கணினி விற்கும் டிஜிட்டல் எக்விப்மென்ட் (டிஇசி) நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துயர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மெயிலை அனுப்பியிருந்தார். முதல் ஸ்பேம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயிலைக் கொடுக்கும்போது நடப்பது ஒரு சின்ன உரையாடல். வருகிறவர் "ஹலோ, நான் இன்னார்" என்கிறார். பெறுகிறவர் 250 என்ற எண்ணைச் சொல்கிறார், அதற்குச் 'சரி' என்று பொருள். "அனுப்புநர் இவர்" என்றால் 250. "பெறுநர் இவர்" என்றால் 250. "இனி மெயில்" என்றால் 354, அதாவது 'சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்'. அப்புறம் மெயில் முழுவதும் வரும். அந்த மெயிலுக்குள்ளேயே தனியாக இன்னொரு 'ஃப்ரம்' வரி இருக்கும். நம் திரையில் தெரிவது இந்த உள் வரி. வெளியே சொன்ன பெயர், அனுப்புநர் முகவரி, உள்ளே எழுதிய முகவரி மூன்றையும் எதிர்ப்பக்கத்துக்காரர் தன் வாயால் சொல்கிறார். மூன்றிலும் அவர் விரும்பியதைச் சொல்லலாம்.

அவரால் பொய் சொல்ல முடியாதது ஒன்றுதான்: ஐபி முகவரி. இந்த உரையாடல் நடக்க வேண்டுமானால் 250 என்ற பதில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். போலியான ஐபியைக் கொடுத்தால் பதில் வேறு எங்கோ போய்விடும், பேச்சு முதல் வரியிலேயே அறுந்துவிடும். அதனால்தான் உங்கள் சர்வர் தன் கையால் குறித்துவைத்த ஐபியை நம்பலாம். மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும்.

இனி உங்கள் ஹெடருக்கு வருவோம். உங்கள் பாதுகாப்புக்காக எண்களையும் பெயர்களையும் மாற்றி, தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். (மற்றவர்களுக்கு: ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் வலது பக்கத்து மூன்று புள்ளியைச் சொடுக்கினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். யாஹூவில் 'வியூ ரா மெசேஜ்'. மற்றவற்றிலும் இதே போல ஒரு வழி இருக்கும்.) ஹெடரில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள்தான் தபாலில் விழும் முத்திரைகள். மெயில் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் ஒரு முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டே வரும். ஆகவே கடைசி முத்திரை உச்சியில் இருக்கும், முதல் முத்திரை அடியில் இருக்கும்.

உங்களுடையதில் நான்கு இருக்கின்றன. உச்சியில் இருப்பது உங்கள் மெயில் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. அதில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கிறது. 10, 192.168, அப்புறம் 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை எல்லாம் ஒரு வளாகத்துக்குள் பயன்படும் எண்கள், உலகத்தில் ஆயிரம் அலுவலகங்களில் அதே எண் இருக்கும். அதைத் தாண்டிவிடலாம். இரண்டாவது வரிதான் முக்கியம்:

ரிசீவ்டு: ஃப்ரம் வின்-சர்வர்22 (ஹோஸ்ட்45.எக்ஸாம்பிள்.நெட் [203.0.113.45]) பை எம்எக்ஸ்1.உங்கள்-மெயில்-நிறுவனம் ஐடி 7சி2டி91எஃப்0. செவ்வாய், 02:47:11 +0530

இதை மெதுவாகப் படியுங்கள். 'பை' என்பதற்குப் பின் இருப்பது முத்திரை குத்தியவர் பெயர். இது உங்கள் மெயில் நிறுவனத்தின் வாசல் சர்வர், ஆகவே நம்பலாம். 'ஃப்ரம்' என்பதற்குப் பின் உள்ள 'வின்-சர்வர்22' வந்தவர் சொல்லிக்கொண்ட பெயர், அதற்கு மதிப்பில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது உங்கள் சர்வர் தானே பார்த்து எழுதியது: 203.0.113.45. நீங்கள் தேடிய இடம் இதுதான். அடுத்து 'ஐடி', அந்த மெயிலுக்கு அந்தச் சர்வர் கொடுத்த டோக்கன் எண் மாதிரி. கடைசியில் நேரம். +0530 என்றால் நம் நாட்டு நேரம்.

இதற்குக் கீழேயும் இரண்டு 'ரிசீவ்டு' வரிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள், ஏனென்றால் அதில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. அவை இரண்டும் போலி. அனுப்பியவரே எழுதி மெயிலோடு ஒட்டிவிட்டது. எப்படித் தெரியும்? முத்திரைகள் சங்கிலி மாதிரி கோத்திருக்க வேண்டும். கீழ் வரியில் யார் வாங்கினாரோ, அவர்தான் மேல் வரியில் கொடுப்பவராக இருக்க வேண்டும். உங்களுடையதில் கீழ் வரி 'வங்கியின் சர்வர் வாங்கியது' என்கிறது. ஆனால் மேல் வரியில் கொடுத்தது வங்கி இல்லை, வாடகை சர்வர் ஒன்று. சங்கிலி அங்கே அறுந்திருக்கிறது. நேரத்தையும் பாருங்கள்: கீழ் வரியில் இருக்கும் நேரம், மேல் வரியைவிட ஐந்து மணி நேரம் பிந்தியது. பொதுவான விதி இதுதான்: மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வாருங்கள். உங்கள் நிறுவனம் வெளியாளிடமிருந்து வாங்கிய வரி வந்ததும் நின்றுவிடுங்கள். அதற்குக் கீழே இருப்பது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் சாட்சி இல்லை.

இன்னொரு வரியும் உங்களுக்குப் பயன்படும். 'அதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' என்று தொடங்குவது. உங்களுடையதில் எஸ்பிஎஃப் 'சாஃப்ட்ஃபெயில்', டிகேஐஎம் 'நன்', டிமார்க் 'நன்' என்று இருக்கிறது. எஸ்பிஎஃப் என்பது 'எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த இயந்திரங்களுக்கு மட்டுமே அனுமதி' என்று டொமைன்காரர் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது மெயிலின் மீது டொமைன் போடும் கையெழுத்து. டிமார்க் என்பது, 'இந்த இரண்டு சோதனையிலும் என் பெயர் தேறவில்லை என்றால் அந்த மெயிலை என்ன செய்ய வேண்டும்' என்று பெறுகிறவருக்கு டொமைன்காரர் சொல்லிவைக்கும் உத்தரவு. உங்கள் விஷயத்தில் முதல் சோதனை 'இது அந்த டொமைனிலிருந்து வந்த மாதிரித் தெரியவில்லை' என்கிறது. ஆனால் டிமார்க் 'நன்', அதாவது நீங்கள் உத்தரவு எதுவும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் சந்தேகம் இருந்தும் மெயில் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டது. இதை எப்படிச் சரிசெய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது 203.0.113.45 யாருடையது? ஐபி எண்களை உலகத்தில் ஐந்து பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. நம் ஆசியா-பசிபிக் பகுதிக்கு ஏப்னிக், ஐரோப்பாவுக்கு ரைப், வட அமெரிக்காவுக்கு ஆரின், தென் அமெரிக்காவுக்கு லாக்னிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரினிக். இவற்றின் 'ஹூயிஸ்' பக்கத்தில் எண்ணைப் போட்டால் அது எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று வரும். நீங்கள் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் தலைமை அலுவலக விலாசத்தை அல்ல, 'அப்யூஸ்' என்ற சொல்லோடு இருக்கும் மெயில் முகவரியை. தவறான பயன்பாடு பற்றிய புகாருக்கென்றே அந்த முகவரி இருக்கிறது. உங்கள் எண்ணுக்கு வந்தது வெளிநாட்டில் சர்வர் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம்.

மேப் காட்டும் தளங்களைப் பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து அவற்றை வைத்து ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. ஐபி எண்ணை இடத்தோடு பொருத்தித் தரும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் விவரம் தெரியாத எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளி என்று ஒரு இடத்தைக் கொடுத்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐபி எண்கள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. பல வருடம் அங்கே காவலர்களும் ஏமாந்தவர்களும் வந்து வந்து சண்டை போட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கும் எதற்கும் சம்பந்தம் கிடையாது. 2016-இல் செய்தி வெளிவந்த பிறகுதான் காரணமே அவர்களுக்குத் தெரிந்தது. அந்த வருடமே வழக்குப் போட்டார்கள்.

நம் ஊரிலும் இதே ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. மொபைல் இணையத்தில் ஒரே ஐபி எண்ணை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த நொடியில் அதைப் பயன்படுத்தியவர் யார் என்பது அந்த நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருக்கும், அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அப்புறம், ஜிமெயில் கணக்கிலிருந்து உலாவி வழியாக ஒருவர் அனுப்பினால், அவர் வீட்டு ஐபி ஹெடரில் வரவே வராது, கூகுளின் சர்வர் எண்தான் இருக்கும்.

இயந்திரத்தைக் கண்டுபிடித்த பின்னும், அதன் சொந்தக்காரர்தான் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரிலிருந்து போகும் மெயில்கள் திடீரென்று திரும்பி வரத் தொடங்கின. எங்கள் ஐபி ஏதோ ஒரு தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. அந்தச் சர்வரில் நாற்பது சின்ன நிறுவனங்கள். பில் போகவில்லை, கொட்டேஷன் போகவில்லை என்று காலையிலிருந்து போன். பதிவேட்டைப் புரட்டினேன், வழக்கத்துக்கு மாறாக எதுவும் கண்ணில் படவில்லை. யாரோ மொத்தமாக அனுப்பாமல், நிமிடத்துக்கு ஒன்றிரண்டாகக் கசியவிட்டிருக்கிறார்கள். நாற்பது நிறுவனத்தின் சாதாரண மெயில்களுக்கு நடுவில் அது தெரியவில்லை. இரண்டு நாள் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் அப்யூஸ் முகவரிக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு முன்பின் தெரியாதவர் எழுதியிருந்தார். இரண்டே வரி: "உங்கள் சர்வரிலிருந்து இது வந்தது. முழு ஹெடர் கீழே." திட்டவில்லை, மிரட்டவில்லை. அந்த ஹெடரில் எங்கள் சர்வர் குத்திய முத்திரை இருந்தது, அதில் டோக்கன் எண் இருந்தது. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினேன். லட்சக்கணக்கான வரிகளில் நான்கு வரி வந்தது. இரண்டாவது வரியில், எந்தக் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டு அந்த மெயில் உள்ளே வந்தது என்று பெயரோடு இருந்தது. ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் முகவரி. கடைப் பெயரும் 123-ம் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. யாரோ அதை ஊகித்துவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்ற ஒரு நிமிடம் ஆனது. அவருக்கு விவரம் சொல்லப் போன் செய்தபோது, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், வேலை போய்விடும் என்று அழுதுவிட்டார். நெதர்லாந்துக்காரர் வீடு வரை கண்டுபிடிக்கும் தளம் எதையாவது நம்பியிருந்தால், அவருடைய கோபம் முழுவதும் சம்பந்தமே இல்லாத யார் மேலோ இறங்கியிருக்கும். பதிலாக அவர் அனுப்பிய இரண்டு வரி, இரண்டு நாள் முடங்கிக் கிடந்த நாற்பது நிறுவனங்களைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு நான் ஒரு புகாரைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை.

ஆகவே புகார் எழுதும்போது அதே மாதிரி எழுதுங்கள். என்ன நடந்தது என்று இரண்டு வரி, அதன் கீழ் முழு ஹெடர். டோக்கன் எண்ணும் நேர மண்டலத்தோடு கூடிய நேரமும் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரால் எதையும் தேட முடியாது. மெயிலைச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் ஹெடர் போய்விடும், உங்கள் ஹெடர்தான் அங்கே போகும். 'ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட்' என்று இணைப்பாக அனுப்புங்கள், அல்லது ஹெடரை நகலெடுத்து ஒட்டுங்கள். இதைத் தானாகவே பிரித்துப் பார்த்து உரியவருக்குப் புகார் அனுப்பும் ஸ்பேம்காப் என்ற சேவையும் 1998 முதல் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு மூன்று முறை கையால் செய்து பாருங்கள். கண் பழகிவிடும்.

ஒரே புகாரால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். எல்லா நிறுவனமும் பதில் சொல்வதில்லை, அது உண்மை. ஆனால் பொறுப்பானவர் கதவை மூடினால் என்ன நடக்கும் என்பதை 2008 நவம்பர் 11 அன்று உலகமே பார்த்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்ற நிறுவனம் சர்வர்களை வாடகைக்கு விட்டு வந்தது. பல லட்சம் வீட்டுக் கணினிகளைக் கைப்பற்றி அவற்றின் வழியாக ஸ்பேம் அனுப்பிய கூட்டங்கள், அந்தக் கணினிகளுக்கு உத்தரவு போடும் சர்வர்களை அங்கே வைத்திருந்தன. ஆதாரங்களைச் சேர்த்த பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ், மெக்கோலோவுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனங்களிடம் கேள்வி எழுப்பினார். அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். அன்றே உலகத்தின் ஸ்பேம் அளவு பாதிக்கும் கீழே விழுந்தது. சில மாதங்களில் கூட்டங்கள் வேறு இடம் பார்த்துத் திரும்பி வந்தன, ஆனால் அத்தனை நாள் கோடிக்கணக்கான இன்பாக்ஸ்கள் மூச்சு விட்டன. அன்றைக்கு அந்த ஸ்பேமை அனுப்பிய ஒருவரைக்கூடக் கைது செய்யவில்லை.

இனி உங்கள் தினசரிக் கடன் மெயில்கள். இவை மிரட்டல் மெயிலிலிருந்து வேறுபட்டவை. இவற்றில் பல, மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் முறையான சேவைகளின் வழியாக வரும். அமேசான் எஸ்இஎஸ், சென்ட்கிரிட், மெயில்சிம்ப் மாதிரி. யாரோ அங்கே காசு கட்டிக் கணக்குத் தொடங்கி, விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலை ஏற்றிவிடுகிறார்கள். இப்படி வருபவற்றில் டிகேஐஎம் 'பாஸ்' என்று இருக்கும். அந்தக் கையெழுத்து வரியில் 'டி' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு டொமைன் பெயர் இருக்கும். திரையில் என்ன பெயர் தெரிந்தாலும், இந்த மெயிலுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது அந்த டொமைன்தான். ஐபியைவிட இதுதான் இங்கே நல்ல துப்பு. அனுப்பித் தரும் சேவைகள் புகாரைப் பொருட்படுத்தும், ஏனென்றால் அவர்களுடைய பிழைப்பே தங்கள் ஐபிக்கு இருக்கும் நல்ல பெயரில் நிற்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள், தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் ஸ்பேம் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. ஆகவே ஜிமெயிலில் 'ரிப்போர்ட் ஸ்பேம்' பட்டனை அழுத்துவது வீண் வேலை இல்லை, கணக்கில் சேர்கிறது.

உங்கள் முகவரி அவர்களுக்கு எப்படிப் போனது என்பதுதான் இதில் தேட வேண்டிய இன்னொரு மூலம், எனக்கு அதைத் தேடுவதில்தான் அதிக ஆர்வம். 'இன்ஃபோ', 'சேல்ஸ்', 'அட்மின்' என்று தொடங்கும் முகவரிகளை யாரும் திருடவே வேண்டாம், டொமைன் பெயர் தெரிந்தால் ஊகித்தே அனுப்புவார்கள். உங்கள் அச்சகத்தின் வலைப்பக்கத்தில் முகவரியை எழுத்தாகப் போட்டிருந்தால், அதைப் பொறுக்கி எடுக்கும் நிரல்கள் எப்போதோ எடுத்திருக்கும். மற்றபடி கசிந்த இடத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டு என்ன சொல்லைச் சேர்த்தாலும் உங்களுக்கே வந்து சேரும். காகிதம் வாங்கும் கடைக்கு 'பெயர்+காகிதம்', கூரியருக்கு 'பெயர்+கூரியர்' என்று கொடுங்கள். சொந்த டொமைன் இருப்பதால் நீங்கள் இன்னும் சுத்தமாக, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி முகவரியே உருவாக்கிக் கொடுக்கலாம். நான் ஒருமுறை வீட்டுமனைக் கண்காட்சி ஒன்றில், ஒரு நிறுவனத்தின் அரங்கில் மட்டும் அதற்கென்றே உருவாக்கிய முகவரியை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அந்த முகவரிக்குத் தனிநபர் கடன் மெயில் வரத் தொடங்கியது. வேறு யாருக்கும் தெரியாத முகவரி அது. போன் செய்து கேட்டேன், முதலில் மறுத்தார்கள், முகவரியைச் சொன்னதும் பட்டியலைப் 'பங்குதாரர்களுக்கு' கொடுத்ததை ஒப்புக்கொண்டார்கள். நான் அந்த முகவரியை மூடினேன், அதோடு நின்றது.

பழைய பாஸ்வேர்டு கசிந்த இடம் தெரிய வேண்டுமானால், ட்ராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்தத் திருட்டில் உங்கள் முகவரி இருந்தது என்று வருடத்தோடு சொல்லும். பாஸ்வேர்டைக் காட்டாது, அதைக் கேட்கவும் கேட்காது.

செய்யக் கூடாதவை சில. மிரட்டல் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். உங்கள் முகவரியிலிருந்து வந்ததாகத் தெரிவதால் பதில் உங்களுக்கே வரும், அல்லது 'ரிப்ளை-டு' வரியில் ஒளித்துவைத்த முகவரிக்குப் போய் 'இந்த ஆள் படிக்கிறார்' என்று காட்டிக்கொடுக்கும். நீங்களே பதிவு செய்த கடை அனுப்பும் விளம்பரத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாம், முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் அழுத்த வேண்டாம். படங்களைத் திறக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படமே நீங்கள் திறந்த நேரத்தைச் சொல்லிவிடும். பணம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள்.

யாருக்காவது ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு அழிந்துவிடலாம். ஆகவே காவல்துறைக்குப் போவதென்றால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால் தடயமே இருக்காது. மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள், திரையின் படம் மட்டும் போதாது.

கடைசியாக உங்கள் டொமைனைச் சரிசெய்வது. டொமைன் வாங்கிய இடத்தில், டொமைனின் விவரங்களைப் பதியும் டிஎன்எஸ் பக்கத்தில் டிமார்க்குக்கு ஒரு 'டெக்ஸ்ட்' பதிவு சேர்க்க வேண்டும். அதில் உத்தரவு மூன்று நிலையில் இருக்கும்: 'நன்' (எதுவும் செய்யாதே), 'குவாரன்டைன்' (ஸ்பேமில் ஒதுக்கு), 'ரிஜெக்ட்' (வாங்காதே). உங்கள் ஹெடரில் பார்த்த 'நன்' வேறு, அது பதிவே இல்லை என்பதைச் சொன்னது. முதலில் 'நன்' போட்டு, அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியையும் கொடுங்கள். உங்கள் பெயரில் யார் யார் எந்த ஐபியிலிருந்து அனுப்புகிறார்கள் என்று ஜிமெயில் மாதிரிப் பெரிய நிறுவனங்கள் தினம் உங்களுக்கு அறிக்கை அனுப்பும். உங்கள் பில்லிங் மென்பொருள் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புகிறதென்றால் அதுவும் அதில் தெரியும், அதை எஸ்பிஎஃப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மெயில் நிறுவனத்தின் அமைப்புப் பக்கத்தில் டிகேஐஎம்மையும் இயக்குங்கள். மூன்று நான்கு வாரம் பார்த்து, உங்கள் சொந்த மெயில்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியானதும் 'குவாரன்டைன்', பிறகு 'ரிஜெக்ட்'. நேரடியாக 'ரிஜெக்ட்' போட்டு, அச்சகத்தின் பில்களே யாருக்கும் போகாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த அவசரம் வேண்டாம்.

மிரட்டல் மெயிலுக்கான புகாரை இரண்டாவது 'ரிசீவ்டு' வரியில் உள்ள எண்ணின் நிறுவனத்துக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். கடன் மெயில்களில் வெவ்வேறு நாளில் வந்த மூன்றை எடுத்து, டிகேஐஎம் கையெழுத்தில் உள்ள டொமைனை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே டொமைன் என்றால் ஒரே புகாரில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம். வேறு வேறாக இருந்தால் அந்த மூன்று ஹெடரையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே படிக்கலாம்.